கோபுரத்துக்குக் கீழே ஓர் இண்டிகேட்டர்

"எல்லாரும் லைட்டை அணைங்க!"

கொள்ளிடக் கரையில் நின்று நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. வண்டி விளக்கும் டார்ச்சுமாக ஆற்றை நோக்கி அடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர்கூட அணைக்கவில்லை. எப்படி அணைப்பார்கள்? ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டில், வாழைக்கு நடுவில் இருக்கும் பம்ப் ஷெட்டின் கூரைமேல் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே முக்கொம்பு அணையில் இன்னும் தண்ணீர் திறக்கப் போவதாகத் தகவல் வந்துவிட்டது. அது இங்கே வந்து சேர்ந்தால் ஷெட் இருக்காது. இந்த நேரத்தில் தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருத்தி வந்து, இருட்டாக்குங்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏம்மா, உதவிக்குத்தானே லைட் அடிக்கிறோம்? இருட்டுல போய் நீங்களும் கவுறப் போறீங்களா?" என்றார் பைக்கில் இருந்த பெரியவர் ஒருவர்.

"உங்க லைட்டு தண்ணியில பட்டு என் கண்ணுல அடிக்குது சார். முன்னாடி இருக்கிறது ஒண்ணுமே தெரியல. தயவுபண்ணி அணைங்க."

முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அணைத்தார்கள்.

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொள்ளிடத்தில் நம் ரப்பர் போட்டுக்கு எதிரி தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலம். ஆறு காய்ந்து கிடக்கும் நாளெல்லாம் அது மணலில் புதராக வளர்ந்து நிற்கும். வெள்ளம் வந்ததும் தலை மறைய மூழ்கிவிடும். ஒரு முள் போதும், போட் காலி. அந்தத் திட்டுக்கு முள் இல்லாத வழி ஒன்றே ஒன்றுதான். வாழைத்தார் ஏற்றிய வண்டிகள் போய்வந்த தடம், கரையிலிருந்து நேராகப் போகும்.

எனக்கு அது எப்படித் தெரியும்? அன்று மதியம், தண்ணீர் ஏறுவதற்கு முன், அதே தம்பதியை அதே தடத்தில் நடத்திக் கூட்டிவந்து கரையில் விட்டதே நான்தான்! பம்ப் மோட்டாரைக் கழற்றி வருவதற்காகச் சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மதியம் நடந்தபோது ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். தடத்தில் எங்கே நின்று பார்த்தாலும், அது கரையேறும் வாய்க்கு நேர் மேலே கோயில் ராஜகோபுரத்தின் உச்சி தெரிந்தது. இரவிலும் கோபுரம் விளக்கொளியில் தெரியும். தடத்தின் வாய்க்குத்தான் ஒரு விளக்கு தேவைப்பட்டது. மற்ற விளக்குகளோடு கலந்துவிடாத விளக்கு.

ஆட்டோ ஓட்டும் அப்பாஸ் பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி, ஆட்டோவை இந்தத் தடத்து வாயில நிறுத்தி இண்டிகேட்டர் போடுங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் அணைக்கக் கூடாது."

"பேட்டரி வீக்குக்கா. ஆனா அது சாகிற வரைக்கும் அணைக்க மாட்டேன், போயிட்டு வாங்க."

ஃபயர்மேன் பிரகாஷ் முன்னால் மூங்கில் கழியோடு உட்கார, நான் பின்னால் எஞ்சினைப் பிடித்தேன். போட்டின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் மேற்கே சாய்த்து, அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு போனோம். கோபுரம் மேலே, மஞ்சள் சிமிட்டல் கீழே. இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்வரை நாம் தடத்தின்மேல் இருக்கிறோம். நடுநடுவே எஞ்சினைத் தணித்துக் காது கொடுத்தேன். முள்ளுக்குள் புகும் தண்ணீர் உஸ்ஸென்று சீறும். அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது, நேரே கேட்கவில்லை. சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது.

கூரையிலிருந்து புருஷன்காரர் மாரிமுத்து என் முகத்துக்கே டார்ச் அடித்தார்.

"டார்ச்சைக் கீழ பிடிங்கய்யா! இறங்குங்க!"

"மோட்டாரையும் ஏத்திக்கலாமாம்மா?"

"நீங்க மோட்டாரோட இருங்க, நான் கெளம்புறேன்" என்று அவர் மனைவி சரசு முதல் ஆளாக இறங்கிவிட்டார். அப்புறம் அவரும் வந்தார். லைஃப் ஜாக்கெட் மாட்டித் திரும்பினோம்.

பாதி வழியில் கரை முழுக்கப் பளீரென்று வெளுத்தது. யாரோ ஓர் அதிகாரி வந்து ஜீப்பின் ஹெட்லைட்டை ஆற்றை நோக்கி ஃபுல்லாகப் போட்டிருக்கிறார். கோபுரமும் போயிற்று, இண்டிகேட்டரும் போயிற்று. கண்ணுக்குள் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"மேடம், கழியில முள்ளு மாட்டுது!"

மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, நின்ற இடத்திலேயே நிற்கப் பார்த்தேன். உஸ்ஸென்ற சீறல் முழங்கைக்குப் பக்கத்திலேயே கேட்டது. பயந்துதான் போனேன். சரசு என் காலைக் கட்டிக்கொண்டார்.

திடீரென்று இருட்டு. அதுபோல அழகான இருட்டை நான் பார்த்ததே இல்லை! கண் பழகியதும் முதலில் கோபுரம் வந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் வலது பக்கம் விலகி, சோர்ந்துபோன ஒரு மஞ்சள் சிமிட்டல். கீழ் விளக்கு எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். வலது பக்கம் திருப்பினேன். சிமிட்டல் மெல்ல நகர்ந்து கோபுரத்தின் காலடிக்கு வந்தது. சீறல் பின்னால் போனது.

கரையில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பாஸ் பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்த பிறந்தநாள் ஃப்ளெக்ஸை அவிழ்த்து ஜீப்பின் மூஞ்சியில் போர்த்திவிட்டார். அதன் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா வர்ற வரைக்கும் எவனும் லைட் போடக்கூடாது" என்று அதட்டிக்கொண்டிருந்தவர், என்னோடு சண்டை போட்ட அதே பைக் பெரியவர்.

இண்டிகேட்டர் எங்கள் கண் முன்னாலேயே அணைந்தது. ஆட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை. மேட்டில் தள்ளினோம். ஈர வேட்டியோடு எல்லோரையும் விட மும்முரமாகத் தள்ளியவர் மாரிமுத்து. சரசு பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"நல்லாத் தள்ளுங்க. இந்த விளக்கு இல்லாட்டி இந்நேரம் உங்க மோட்டாரைக் கட்டிக்கிட்டு அழுதுட்டு இருந்திருப்பீங்க."

இரவில் படகு எடுக்கும்போது எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். திரும்பி வருவதற்கு ஒரு விளக்கு இருக்கிறதா, அதைக் காப்பாற்றக் கரையில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி ஓர் ஆள் கிடைத்துவிட்டால், அவர் வண்டியைத் தள்ளவும் தயாராக இருங்கள்.