இருபத்தொன்பதாவது பல்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வேலை செய்யும்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும், எரிந்து விழுவேன். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவளிடம் கோபப்பட மனசு வரவில்லை.

வளைகுடாவில் பல வருஷம் லேத் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவன் நான். கார் நிற்க வேண்டிய ஷெட்டில் ஒரு சின்ன லேத்தும் மில்லிங் மெஷினும் போட்டிருக்கிறேன். கார் மழையில் நனைகிறது. வீட்டுக்காரி அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

முந்தின நாள் குலசேகரத்திலிருந்து அந்தப் பெண் பஸ் ஏறி வந்தாள். துணிப்பையில் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினின் பல்சக்கரம். இருபத்தெட்டுப் பல்லில் நாலு போயிருந்தது. அவள் கணவன் மெஷின்மேல் ஸ்பானரை மறந்து வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறான். ஸ்பானர் பல்லுக்குள் விழுந்துவிட்டது.

“மெஷின் போனது பெருசில்ல அண்ணே,” என்றாள். “அவிய ரெண்டு நாளா சோறு தின்னுகதில்ல. சுவரப் பாத்துக் கெடக்காவ. ‘நான் ஒண்ணுக்கும் ஆவாதவன்’னு ஒரே புலம்பல். எனக்குப் பயமா இருக்கு.”

அதைக் கேட்டபின் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? நாளைக்கு வா என்றேன். அன்றைக்கே புதுச் சக்கரத்துக்கு வார்ப்பிரும்பில் இரண்டு வட்டுகளைக் கடைந்து வைத்தேன். ஒன்று போதும், இன்னொன்று என் பயத்துக்கு.

மறுநாள் காலையிலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் வட்டை டிவைடிங் ஹெட்டில் பூட்டினேன். வட்டத்தைச் சமமாகப் பங்கு போட்டுத் தரும் கருவி அது. அதன் கைப்பிடியை நாற்பது சுற்றுச் சுற்றினால் வட்டு ஒரு முழுச் சுற்று வரும். இருபத்தெட்டுப் பல்லுக்கு, பல்லுக்கு ஒரு சுற்றும் மேலே கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை அளக்கத்தான் துளைத் தட்டு. இருபத்தோரு துளை வரிசையில் ஒன்பது துளை தாண்ட வேண்டும். தட்டின்மேல் இருக்கும் இரண்டு கைகளைக் கத்திரிபோல விரித்து அந்த ஒன்பதை ஒரு தடவை குறித்துக்கொண்டால் போதும், பிறகு எண்ணவே வேண்டாம்.

எண்ணினேன். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். எனக்குத் தேங்காய் எண்ணினாலும் அதுதான் வாயில் வரும். கைப்பிடியின் ஊசி நின்ற துளையில் விரலை வைத்து, “லாபம், ரெண்டு, மூணு...” என்று ஒன்பதுவரை போய்த் தட்டின் கையை இறுக்கினேன்.

மதியம்வரை வெட்டினேன். இருபத்தெட்டாவது வெட்டு முடிந்து பார்த்தால், ஐயோ, கடைசியில் ஒரு முரட்டுப் பல் தடித்துக்கொண்டு நிற்கிறது! இன்னொரு வெட்டுப் போட்டால் இருபத்தொன்பது பல் வந்துவிடும். அவள் பார்ப்பதற்குள் கழற்றிக் கழிவுத்துணிக்கு அடியில் தள்ளினேன். இரண்டாவது வட்டை ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்தேன்.

அப்போதா என் மனைவி பால் விடாத கட்டன்சாயாவோடு வர வேண்டும்? டம்ளர் வைக்க இடம் தேடித் துணியைத் தூக்கினாள். நான் எண்ணியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

“லாபம்னு எண்ணினியளே, பாத்தியளா, ஒரு பல்லு லாபமா வந்திருக்கு!” என்று சிரித்தாள்.

“போடி உள்ளே!” என்று கத்தினேன். கத்திய கத்தலில் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. வார்ப்பில் ஓட்டை என்று சொல்லிவிடலாம், அவளுக்கு என்ன தெரியும்? நுனிநாக்குவரை வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

“இரும்பு நல்ல இரும்புதான் தங்கச்சி. நான்தான் பிசகிட்டேன். ஊசி நின்ன துளையையும் சேத்து எண்ணிட்டேன். ஒன்பதுக்குப் பதில் எட்டுத் துளைதான் தாண்டியிருக்கு.”

அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள். “நின்ன எடத்த எதுக்கு அண்ணே எண்ணணும்? தாண்டினதத்தான எண்ணணும்.”

எத்தனை வருஷம் இந்தத் தொழில்! ஊசி நின்ற துளையை விட்டுவிட்டு ஒன்பது எண்ணி, தட்டின் கைகளைத் திரும்ப விரித்தேன். சாயங்காலத்துக்குள் இருபத்தெட்டுப் பல்லும் ஒழுங்காக வந்தது. பிசிறு போக அரத்தால் தேய்த்து அவள் கையில் கொடுத்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் போகவில்லை. கழிவுத்துணியைக் காட்டி, “அந்தக் கெட்டதையும் தாருங்க அண்ணே,” என்றாள்.

“அது எதுக்கு? ஒண்ணுக்கும் ஆவாதே.”

“அவியகிட்ட காட்டணும். இவ்வளவு தெரிஞ்ச மனுசனுக்கே கை பிசகிச்சுன்னு சொன்னா, எழும்பி ஒரு வாய் சோறு தின்னுவாவ.”

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத்தான் பைக்குள் முதலில் வைத்தாள்.