பச்சை இருந்தா பயமில்லை

வலைக்காரரின் உடம்பில் மொத்தம் பதினேழு நாய்க்கடித் தழும்புகள். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். எந்தத் தெரு, எந்த வருஷம், என்ன நிறத்து நாய் என்று முழங்காலுக்கு மேலே வேட்டியைத் தூக்கிக் காட்டியே சொல்வார். பதினாறுக்குத்தான் கதை உண்டு. வலது மணிக்கட்டில் இருக்கும் பதினேழாவதைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

நகராட்சியின் வெறிநோய்த் தடுப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. தெருநாயை வலைபோட்டுப் பிடிக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், முதுகில் பச்சைச் சாயத்தைப் பீய்ச்சி விட்டுவிட வேண்டும். நாய்க்கு நோய் வராவிட்டால் மனுஷனுக்கும் வராது. இதில் புகழுக்கு வழியே இல்லை. ஒரு குழந்தை நாய்க்கடியில் பிழைத்தால் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கடியே வாங்காமல் பள்ளிக்கூடம் போய்வரும் குழந்தைக்காக யாரைக் கும்பிடுவது? வலைக்காரர் அதையெல்லாம் பெரிதுபடுத்தியதில்லை. தன்னைப்போல் வலை வீச இன்னொருத்தன் பிறந்து வரவேண்டும் என்ற நினைப்பே அவருக்குச் சோறும் தண்ணியுமாக இருந்தது.

அப்படிப்பட்ட மனுஷன் தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். தங்கச்சி புருஷன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தங்கச்சி வந்து அழுதாள். அண்ணன் மனசு கேட்குமா? பிரிவுக்குப் பொறுப்பான டாக்டரம்மாவிடம் நடையாய் நடந்து, கெஞ்சி, மாப்பிள்ளையைத் தன் பிரிவிலேயே சேர்த்துவிட்டார்.

முதல் நாள் மாப்பிள்ளை கையில் ஒரு வலையைக் கொடுத்தார். மாப்பிள்ளை அதை வாங்கி, மடித்து, ஓரமாக வைத்துவிட்டு நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பந்தியா போடறாங்க?" என்றார் வலைக்காரர்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே நாக்கைத் தட்டி, "வாடா ராசா" என்றார். ஒரு கறுப்பு நாய் வந்தது. வெறுமனே வந்ததா? மடியில் முகவாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. டாக்டரம்மா ஊசியைப் போட்டு, சாயத்தையும் பீய்ச்சிவிட்டு, "இப்படி ஒரு ஆளை எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். வலைக்காரர் பல்லைக் காட்டினார். வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து ஆபீஸ் கரும்பலகையில் இரண்டு கட்டம். ஒன்றில் 'வலை', மற்றதில் 'கை'. வலை இருபது என்றால் கை முப்பது. வலை முப்பது என்றால் கை நாற்பது. தலைகீழாக நின்று பார்த்தார், ஒருநாள்கூட முந்த முடியவில்லை. தெருவில் இவரைக் கண்டால் நாய்வண்டி வந்துருச்சு என்று நாயும் ஓடும், ஆளும் முகம் சுளிக்கும். மாப்பிள்ளைக்கு மட்டும் வாசலில் நாற்காலி, டீ, "நல்லா இருக்கீங்களா?" என்ற விசாரிப்பு.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? பெண்டாட்டி மருந்து தடவிக்கொண்டே, "மாப்பிள்ளை அண்ணன் உடம்புல ஒரு கீறல் இல்ல. அவருகிட்ட கொஞ்சம் கேட்டுக்கக் கூடாதா?" என்றாள்.

"யாருகிட்ட? நான் சேர்த்துவிட்ட ஆளுகிட்டயா?"

"சேர்த்துவிட்டா என்ன, தெரிஞ்சவங்ககிட்ட கேக்கறதுல குறைஞ்சா போயிடுவீங்க?"

அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஆள் நடமாட்டமில்லாத சந்தாகப் பார்த்து, யாரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாக்கைத் தட்டினார். "வாடா ராசா" என்று குரலைக்கூட மாப்பிள்ளைபோல இழுத்துப் பார்த்தார். ஒரு நாய் வந்தது. பிஸ்கட்டைத் தின்றது. பிறகு மணிக்கட்டைக் கடித்தது. பதினேழாவது தழும்பின் கதை இவ்வளவுதான். இந்தப் பொறாமை பிடித்த மனுஷனைத் திட்டுவதா, பாவம் பார்ப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

மாப்பிள்ளை சேர்ந்த மூன்றாவது வருஷத்துப் பெரிய முகாம் வந்தது. ஒரு வாரத்தில் நகரத்தின் எல்லா நாய்க்கும் ஊசி. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, 'பச்சை இருந்தா பயமில்லை' என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். முதுகில் பச்சை உள்ள நாய் ஊசி போட்ட நாய், பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். குழந்தைகள் அதைப் பாட்டாகவே பாடித் திரிந்தார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் கை முப்பத்தேழு, வலை முப்பத்தேழு. வலைக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அச்சகத் தெருவில் ஒரு செவலை நாய் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நின்றது. வீசினார், விழுந்தது. கூட வந்த கம்பவுண்டர் மருந்து ஏற்றிக் கையில் கொடுத்த ஊசியைப் பேனாவைக் கடிப்பதுபோலப் பல்லில் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முதலில் சாயத்தைப் பீய்ச்சினார். ஊசி முதலில், சாயம் பிறகு என்பதுதான் முறை. புதிதாக வந்தவர்களுக்கு அதை ஆயிரம் தடவை சொன்னவர் அவரேதான். முதுகு பச்சையானதும் முப்பத்தெட்டு என்று மனசு கூவிவிட்டது. ஊசியை எடுக்கக் கை தளர்ந்த அந்த நொடியில், வலையில் அவிழ்ந்திருந்த ஒரு முடிச்சு வழியாகச் செவலை நழுவி ஓடிவிட்டது.

கம்பவுண்டர் வண்டிப் பக்கம் திரும்பி நின்றார். தெருமுனையில் மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். வலைக்காரர் ஊசியிலிருந்த மருந்தைச் சாக்கடையில் பீய்ச்சினார்.

"போட்டாச்சாண்ணே?" என்று கேட்டார் கம்பவுண்டர்.

"போட்டாச்சு. எழுதிக்க."

வலை முப்பத்தெட்டு, கை முப்பத்தேழு. டாக்டரம்மா கை தட்டினார். மாப்பிள்ளைதான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார். "நான் சொன்னேன்ல, எங்க மச்சானை அடிச்சுக்க ஆள் கிடையாதுன்னு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். வீட்டில் பெண்டாட்டி, "இன்னைக்கு என்ன, முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். சிரிப்பு அடங்கவில்லை.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. சந்தைப் பக்கம் வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு நாய் செத்துக் கிடந்தது. வெளியூரிலிருந்து ஓடிவந்த நாய். வெறிநோய்தான் என்று பரிசோதனைக்கூடம் எழுதி அனுப்பியது. சாவதற்கு முன்னால் இரண்டு நாள் சுற்றுவட்டாரத் தெருக்களில் எத்தனையோ நாய்களைக் கடித்திருந்தது.

டாக்டரம்மா எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். "பச்சை இருக்கறதுக்கு இன்னொரு ஊசி போட்டு விட்டுடுங்க. பச்சை இல்லாதது ஒண்ணுகூட வெளியில இருக்கக் கூடாது. தனிக்கூண்டுல அடைச்சுப் பாக்கணும்."

வலைக்காரருக்குச் செவலை நினைவு வந்தது. யாரிடமும் சொல்லாமல் அச்சகத் தெருவுக்கு ஓடினார். செவலை இருந்தது. இடது காது கிழிந்து, ரத்தம் காய்ந்து கறுத்துப்போய் இருந்தது. ஒரு வீட்டு வாசலில், பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிய ஒரு சின்னப்பெண் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா! விடும்மா அதை! தள்ளி வா!"

"பச்சை இருக்கே மாமா. பச்சை இருந்தா பயமில்லை."

வலையை எடுத்ததுதான் தாமதம், செவலை சிட்டாய்ப் பறந்தது. ஒருமுறை அந்த வலையில் மாட்டிய நாய், மறுபடியும் நிற்குமா? நாலு வீதி துரத்தினார். மூச்சிரைத்து ஒரு மதில்மேல் சாய்ந்தார். சும்மா இருந்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்று ஒரு புத்தி சொன்னது. அந்தப் பெண்ணின் கை நாயின் கழுத்தில் கிடந்ததை நினைத்ததும் அந்தப் புத்தி செத்தது. தன் ஒரு எண்ணிக்கைக்காக ஊரார் பிள்ளையைச் சாவோடு விளையாட விட்டிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அங்கிருந்து நேராக ஆபீஸுக்குப் போனார்.

டாக்டரம்மா முன்னால், மாப்பிள்ளை முன்னால், சாக்கடையில் பீய்ச்சியது வரை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரம்மா முகம் இறுகிவிட்டது. "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டு அந்த நாயைப் பிடிக்கப் போங்க" என்று மட்டும் சொல்லி, அச்சகத் தெருவில் அந்த நாயைத் தொட்ட குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

மாப்பிள்ளை திட்டுவார் என்று வலைக்காரர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். மாப்பிள்ளையோ, "வாங்க மச்சான், அது எந்தப் பக்கம் ஓடிச்சு?" என்று செருப்பை மாட்டினார். கோபப்படக்கூடத் தெரியாதா இந்த ஆளுக்கு என்று அந்த நேரத்திலும் எரிந்தது.

அச்சகத் தெருவில் மாப்பிள்ளை கைகளுக்குத் தடித்த உறை மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். நாக்கைத் தட்டினார். "வாடா ராசா." நேரம் போயிற்று. செவலை ஒரு காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது, மோந்தது, வந்தது. கிழிந்த காதோடு மாப்பிள்ளையின் முழங்காலில் முகவாயை வைத்தது. சுற்றிலும் ஏழெட்டு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன.

வாய்ப் பக்கம் கை போகவே கூடாது, வலைதான் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். சுவருக்குப் பின்னால் வலைக்காரர் வலையோடு நின்றார். மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

"போடுங்க மச்சான்" என்றார் மெதுவாக.

இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வீச்சு விழுந்ததில்லை. செவலை அலறியது. வலையைக் கடித்தது. கூண்டுக்குள் இழுக்கும்வரை வலைபோட்டவரைப் பார்க்கவேயில்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டே போனது. சுற்றி நின்ற நாய்களும் அதையெல்லாம் பார்த்தன. பிறகு ஒன்றுகூட அங்கே இல்லை.

தனிக்கூண்டில் பத்தாம் நாள் செவலைக்குக் கீழ்த்தாடை தொங்கியது. தண்ணீர் இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் செத்தது. வெறிநோய்தான். தெருவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆபீஸில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தச் சின்னப்பெண்ணுக்கு முறைப்படி ஊசி போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அழாமல் போட்டுக்கொண்டாளாம்.

மறுவாரம் அதே வட்டாரத்தில் இன்னொரு ஊசி விட்டுப்போன பச்சை நாய்களுக்கு ஊசி போடப் போனார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்தார், நாக்கைத் தட்டினார். காருக்கு அடியில், மதில் ஓரத்தில், குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நாய்கள் இருந்தன. ஒன்றும் வரவில்லை. முந்தி மடியில் படுத்த அதே கறுப்பு நாய் மாப்பிள்ளையைப் பார்த்து உறுமிவிட்டுப் பின்வாங்கியது. அடுத்த தெருவிலும் அப்படித்தான். அதற்கடுத்த தெருவிலும் அப்படித்தான்.

மூன்று வருஷமாக வலைக்காரர் எதற்காக ஏங்கினாரோ அது கண்முன்னே நடந்தது. பொய் சொல்வானேன், ஒரு நொடி மனசு குளிர்ந்தது. மறுநொடி தூ என்று தன்மேலேயே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

மாப்பிள்ளை எழுந்து பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"மச்சான், அந்த வலையை எப்படிப் பிடிக்கணும்? எனக்கும் சொல்லிக் குடுங்க."

வலைக்காரர் வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "வேணாம் மாப்பிள்ளை. இன்னொரு தரம் உக்காந்து பாருங்க."

"வரலையே மச்சான்."

"நான் நிக்கறதைப் பாத்துட்டு வராம இருக்கும். நான் போயிடறேன். நீங்க உக்காருங்க, எனக்காக ஒரே ஒரு தரம்."

வண்டிக்குள் ஏறி, வலையைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு, கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியே பார்த்தார். மாப்பிள்ளை நடுத்தெருவில் உட்கார்ந்து நாக்கைத் தட்டினார். கறுப்பு நாய் தெருமுனையிலேயே நின்றது. "போடா ராசா, அவர்கிட்ட போடா" என்று வலைக்காரர் வண்டிக்குள்ளிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.