எழுத்து தெரிகிற லேப்டாப்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதற்கும் மச்சான் சொல்வதுதான் முடிவு. மச்சான் என்றால் என் அக்கா கணவர். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தார். வண்டலூர் பக்கம் ஒரு கல்லூரியில் நான் புள்ளியியல் எம்.எஸ்ஸி. சேர்ந்த வருஷம், பிள்ளைகள் ஆளுக்கொரு லேப்டாப் வைத்திருந்தால் நல்லது என்று துறையில் சொன்னார்கள். அதை வீட்டில் வந்து சொன்னதும் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக மச்சானுக்கு போன் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அக்காவும் சாப்பிட வந்தார்கள். சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் மச்சான் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். சின்ன லேப்டாப்பாக, பன்னிரண்டு இன்ச்சில் வாங்க வேண்டும். தாம்பரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ரயில் ஏற வேண்டும், வண்டலூரில் மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும், அதன் பிறகு ஷேர் ஆட்டோ. தினமும் தோளில் கல்லைச் சுமக்க முடியுமா என்று கேட்டார். எல்லாம் நியாயமான பேச்சு. நான் மட்டும், கொஞ்சம் பெரிய ஸ்கிரீனாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன். ஏன் என்று மச்சான் கேட்டார். "எல்லாம் படம் பாக்கத்தான்" என்று அக்கா சிரித்தாள். அத்தா சிரிக்கவில்லை. படிப்புக்கென்று கேட்டுவிட்டு படம் பார்க்க வாங்குகிறாளோ என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது.

பெரிய ஸ்கிரீன் கேட்டதற்குக் காரணம் என் கண். ஒண்ணாம் வகுப்பிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டிருக்கிறேன். அப்போது பார்த்த டாக்டர் விழித்திரையில் பிறவியிலேயே ஏதோ குறை என்றாராம். கண்ணாடி போட்ட பிறகு வீட்டில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடி போட்டாயிற்று, இனி தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள். எனக்குக் கண்ணாடி பாதிதான் உதவியது. கரும்பலகையில் எழுதுவதைப் பக்கத்தில் இருந்த தோழி முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாள், அதைக் கேட்டு நானும் எழுதுவேன். புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துத்தான் படிப்பேன், அதுவும் அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து.

பத்தாவது படிக்கும்போது ஒருமுறை தலைவலி தாங்காமல் படுத்துவிட்டேன். "கண்ணக் கெடுத்துக்கிட்டு அப்படி என்ன படிப்பு? விட்டுத் தொலை" என்றார் அத்தா. அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் நிஜமாகவே படிப்பை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். அதற்குப் பிறகு தலைவலி என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை.

எம்.எஸ்ஸி.யில் தோழியைக் கேட்டு எழுதும் வித்தை எடுபடவில்லை. பாடமெல்லாம் சுவரில் ஸ்லைடாக ஓடியது. தோழி வேறு கல்லூரியில் இருந்தாள். எனக்கு ஒரே நம்பிக்கை தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் கண்டதுதான். கல்லூரிக்கு விண்ணப்பிக்க அங்கே போயிருந்தபோது, ஏதோ ஒரு பட்டனை அழுத்தியபடி தெரியாமல் மவுஸ் சக்கரத்தை உருட்டிவிட்டேன். திரையில் எழுத்தெல்லாம் ஊதிப் பெரிதாகிவிட்டது. கெடுத்துவிட்டோம் என்று பயந்து பார்த்தால், எனக்கு எல்லாம் தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதையும் படித்தேன். என் நினைவில் அப்படிப் படித்தது அதுதான் முதல் தடவை. பெரிய லேப்டாப் இருந்தால் பாடத்தையும் அப்படிப் படிக்கலாம் என்று நினைத்தேன்.

லேப்டாப் வாங்க குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடை ஒன்றுக்கு அத்தா, மச்சான், நான் மூவரும் போனோம். அத்தாவுக்கு மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை, ஆணி, தாழ்ப்பாள், கீல் விற்கிற கடை. அவர் ஒவ்வொரு லேப்டாப்பாக மூடியைத் திறந்து மூடி, கீல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

மச்சான் தான் முடிவு செய்து வைத்திருந்த சின்ன லேப்டாப்பை என் முன்னால் வைத்தார். அதில் என்னென்ன இருக்கிறது என்ற விவரம் திரையில் இருந்தது. "வாய்விட்டுப் படி, ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்றேன்" என்றார். நான் குனிந்தேன். தெரியவில்லை. இன்னும் குனிந்தேன். என் மூக்கு நுனி ஸ்கிரீனில் பட்டு ஒரு தடம் விழுந்தது.

கீல் பார்த்துக்கொண்டிருந்த அத்தா அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த எழுத்து உனக்குத் தெரியலையா?"

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. ஏசி குளிர், வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது. "தெரியல அத்தா" என்றேன்.

"கண்ணாடி போட்டுமா?"

"போட்டும்தான். போர்டும் தெரியாது. சின்னதுலேந்தே அப்படித்தான்."

அத்தா கையில் இருந்த லேப்டாப்பை மெல்ல மூடி வைத்தார். அப்படியானால் எதில் தெரியும் என்று கேட்டார். நான் கடையின் மறுகோடியில் இருந்த பெரிய லேப்டாப்பிடம் போனேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒரு கை தூரம் தள்ளி நின்று, அதில் இருந்த வாரண்டி நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். அவ்வளவு ஆசையாக வாரண்டியை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

மச்சானுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்புறம் முழு மூச்சாக வேலையில் இறங்கினார். பளபளக்கிற ஸ்கிரீன் வேண்டாம், டியூப்லைட் அதில் அடித்து இவளுக்கு எழுத்து மறையும் என்று கடைக்காரரிடம் சொல்லி, பளபளப்பில்லாத 'மேட்' திரை உள்ளதாகக் கேட்டார். அதை விளக்குக்குக் கீழே வைத்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, தெரிகிறதா தெரிகிறதா என்று என்னைப் படுத்திவிட்டார். கடைசியில் எடுத்தது நிஜமாகவே கல் கனம். இரண்டு தோளிலும் மாட்டுகிற பையாகப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அத்தா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். படிப்பு போதும் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இத்தனை நாளு எப்படிம்மா படிச்ச?" என்று கேட்டார்.

தோழியின் முணுமுணுப்பு, பிரவுசிங் சென்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் குடிக்க மறந்து கேட்டார். கல்லூரியில் சொல்லிவிட்டாயா, நாளைக்கு நான் வந்து பேசட்டுமா என்றார். நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். "சரி, நீயே பேசு. ஆனா பேசிடு" என்றார். அவ்வளவுதான். படிப்பை விடு என்ற பேச்சே வரவில்லை. நிம்மதியில் என் டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவர் அதிரவில்லை. "நீ குனிஞ்சு படிக்கிறதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கேக்கத்தான் பயமா இருந்துச்சு" என்றார். கண் ஓரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பை நன்றாக இருக்கிறது என்றார்.

மறுநாள் பேராசிரியையிடம் சொல்ல நான் ஒரு பெரிய பேச்சையே தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர், "பென் டிரைவ் இருக்கா?" என்று கேட்டு, அந்த வாரத்து ஸ்லைடுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டார். இனி வகுப்புக்கு முன்னாலேயே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். மீதிப் பேச்சு என்னிடமே தங்கிவிட்டது.

அத்தா என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனார். குறை அப்படியே இருக்கும், மேலும் அதிகமாகாது, வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றார் டாக்டர். படித்தால் கெடுமா என்று அத்தா கேட்டார். கெடாது என்றார். கம்ப்யூட்டரில் படித்தால் என்று மறுபடி கேட்டார். அதற்கும் கெடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அக்காவுக்கு போன் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி அதைச் சொன்னார்.

அந்த வாரம் ஒரு வகுப்பில், சுவரில் ஸ்லைடு மாற மாற நானும் என் திரையில் மாற்றிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு ஸ்லைடில் பேராசிரியை ஒரு கேலிச் சித்திரம் போட்டிருந்தார். சராசரி ஆழம் முழங்கால் அளவுதான் என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான். வகுப்பே சிரித்தது. எப்போதும் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு என்ன என்று பக்கத்தில் கேட்டுச் சிரிப்பவள் நான். அன்றைக்கு அவர்களோடு சேர்ந்தே சிரித்தேன்.