உளுக்காத மூங்கில்

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற காலத்தில் எனக்கு ஏணி பிடிக்கிற வேலை. சில்வர் ஓக் மரத்தில் கொடி உச்சிவரை ஏறியிருக்கும். ஒற்றை மூங்கில்தான் ஏணி. பக்கக் கிளைகளை ஒரு சாண் விட்டு நறுக்கி, அந்தக் கட்டைகளில் கால் வைத்து ஏறுவார்கள். ஏறுகிறவர் தன் மூங்கிலைத் தானே கொண்டுவர வேண்டும். அடியை ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மரம் ஆடினாலும் பயம், ஆடாமல் நின்றாலும் பயம். நான் ஏணி பிடித்த அண்ணன் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்.

ஒருநாள் காலையில் அவருடைய மூங்கிலின் அடியில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடந்தது. உளுத்த மூங்கில்தான் அப்படிக் கொட்டும்.

"அண்ணா, மூங்கிலு உளுத்துப்போச்சுங்க. ஏறாதீங்க."

"ஏனுங்கம்மணி, நேத்து மரம் சாயுமின்னீங்க. முந்தாநேத்து தேனீ கொட்டுமின்னீங்க. இன்னிக்கு மூங்கிலுங்களா?"

கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, "ஊட்டுக்காரரு தும்முனாலே சேலத்துக்கு வண்டி புடிக்கச் சொல்றவ அவ. நீங்க ஏறுங்கண்ணா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஏறினார். மூங்கில் கிறீச்சிட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்று உடைகிற சத்தமாகக் கேட்டது.

மதியம் அவர் சாப்பிடப் போனார். அவருக்கு இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். விழுந்த பிறகு 'அப்பவே சொன்னேனே' என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்டிவிட்டால் திட்டோடு போய்விடும். கொடுவாளை எடுத்து மூங்கிலை இரண்டாக வெட்டினேன்.

உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு துளைகூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டுவாயின் மேல் மாவு உதிர்ந்தது, மரத்தில் பட்டுப்போயிருந்த ஒரு கிளையிலிருந்து.

அவர் திட்டவில்லை. துண்டுகளை ஓரமாக எடுத்துப் போட்டார். "உளுக்கக் கூடாதுன்னு வருசம் பூரா அடுப்புக்கு மேல பொகையில வெச்சிருந்தனுங்க" என்றார், அவ்வளவுதான். மேஸ்திரிதான், "பயந்தவ கையில கொடுவாளக் குடுத்தது என் தப்பு" என்று சொல்லிவிட்டு, எஸ்டேட் கொட்டகையில் கிடந்த பழைய ஏணியை ஆள்விட்டுக் கொண்டுவரச் சொன்னார்.

அதில் நடுவே விரிசல். கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது? எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியைப் பிடித்தேன்.

அவர் பாதி ஏறியபோது ஒரு கால் வழுக்கி மறுபடி ஊன்றியது. அந்த நொடியில் எனக்குள் பயத்தோடு இன்னொன்றும் எழுந்தது. விழட்டும் என்றல்ல, கொஞ்சம் சறுக்கட்டும், இவர்கள் சிரிப்பு நிற்கட்டும் என்று. அவருடைய பிள்ளைகளை நினைத்து மூங்கிலை வெட்டியவளும் நான்தான்.

மேலிருந்து அவர் குனிந்து பார்த்தார். "அம்மணி, நல்லாப் புடிச்சிருக்கறீங்களா?"

அத்தனை நாளில் ஒருமுறைகூட அவர் அதைக் கேட்டதில்லை. இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, அவர் இறங்கும்வரை தலை நிமிராமல் நின்றேன்.