ரத்தம் வராத அடி

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வயதுக்கு வந்த வருஷம் ஆரம்பித்தது. முதலில் கண்ணோரத்தில், தண்ணீரில் வெயில் பட்டதுபோல் ஒரு மினுமினுப்பு தெரியும். கொஞ்ச நேரத்தில் இடது நெற்றிப்பொட்டு துடிக்க ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு இருட்டில் படுத்துத் தூங்கி எழுந்தால் விட்டுப்போகும்.

திண்டிவனத்தில் நானும் என் தங்கையும் வேலை பார்த்த, வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் இதற்கு வைத்திருந்த பெயர் நடிப்பு. மேஸ்திரிதான் வைத்தான். நான் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு வந்தாலே, "வந்துட்டாங்கடா மகாராணி, நெத்தியில பொட்டு வெச்சிக்கினு" என்பான். பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் மறுநாள் அவர்களுக்கு வேலை இருக்காது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் மேல் இருக்கிறது, இன்றும் இருக்கிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அறுவடை முடிந்து வண்டி வண்டியாய்க் காய் வந்து இறங்கும். கிடங்கில் மூட்டைகளைக் கூரையைத் தொடும்வரை அடுக்கியிருந்தார்கள். சரியாக அடுக்க ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. அந்த அடுக்கின் கீழேதான் எங்களை உட்கார வைத்துப் பருப்புப் புடைக்கச் சொன்னார்கள். அடுக்கு சாய்ந்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னதற்கு, "உன் தலையிலயா சாய்ஞ்சிருக்கு? வேலையப் பாரு" என்று பதில் வந்தது.

என் தங்கை தலையில் சாய்ந்தது. மேலிருந்து ஒரு மூட்டை உருண்டு அவள் உச்சியிலும் பிடரியிலும் விழுந்தது. அவள் முன்னால் சரிந்து சுவரில் மோதினாள். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை என்மேல் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் திரும்பினாள்.

"யக்கா, மணி அடிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. எங்க வலிக்குது?"

"மணி அடிச்சிட்டாங்களா?"

நான் சொன்ன பதில் அவளுக்குள் தங்கவே இல்லை. அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வந்தான். தலைமயிரைப் பிரித்துப் பார்த்தான்.

"ரத்தம் இல்ல, காயம் இல்ல. மூஞ்சில தண்ணி தெளி. ஜல்தி முறத்த எடுக்கச் சொல்லு. உங்க குடும்பத்துக்கே தலைவலி வியாதி. பெரியவள பாத்துச் சின்னவ கத்துக்கினா."

அன்று சாயங்காலம்வரை அவள் முறம் புடைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நடை கோணியது. வீட்டில் அம்மா, பயந்துபோயிருக்கிறாள் என்று கோயிலிலிருந்து தீர்த்தம் வாங்கி வந்து தெளித்தாள். பக்கத்து வீட்டுக்காரி சூடு என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்து, "உனக்கு வர்றதுதான அவளுக்கும் வந்திருக்கு" என்றார்கள்.

எனக்கு வருவது இல்லை அது. என் வலி சொல்லிவிட்டு வரும், ஒரு பக்கம் வரும், வாந்தி எடுத்துத் தூங்கினால் போகும். அவளுக்குத் தலை முழுவதும் கனத்தது. வாந்தி எடுத்தும் தணியவில்லை. வலி வரும்போது நான் சுருண்டு கிடப்பேன், ஆனால் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். அவளோ காலையில் என்ன தின்றாள் என்பதையே சொல்ல முடியாமல் விழித்தாள். இதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

விடிந்ததும் மில்லிலிருந்து ஆள் வந்தது. வராவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லையாம். போக வேண்டாம் என்றேன். அம்மா அழுதாள், அழுதுகொண்டே அவளைக் கிளப்பினாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். மில்லை விட்டால் எங்களுக்குக் கேப்பைக் கூழ்கூட இல்லை.

எந்திரம் ஓட ஆரம்பித்ததும் தங்கை காதைப் பொத்திக்கொண்டாள். வெயில் ஏறுவதற்குள் முறத்தோடு குப்புற விழுந்தாள்.

"எழுப்புமே அவள. நடிச்சிக்கினு கெடக்கா," என்றான் மேஸ்திரி.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. "உன் தலையில ஒரு மூட்டையத் தள்றேன், நீ நடிச்சிக் காட்டு!" என்று கத்தினேன். மில்லே நின்றுவிட்டது. அவன் கையை ஓங்கினான். பெண்கள் எழுந்து நின்றார்கள். அந்த முறை யாரும் சிரிக்கவில்லை. காய் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வண்டிக்காரர், "ஏத்தும்மா" என்றார். அவளை வைக்கோல்மேல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா அவள் கண்களில் விளக்கு அடித்துப் பார்த்தார். கை கால்களை இழுத்து, தள்ளச் சொல்லிப் பார்த்தார். அடி எப்போது, எத்தனை தடவை வாந்தி என்று கேட்டார். இடையில் வேலைக்குப் போனாள் என்றதும் அவர் முகம் மாறியது.

"யார் அனுப்பினது? வெளியில ரத்தம் வரலைன்னா அடி இல்லைன்னு அர்த்தமா? உள்ளே மூளை குலுங்கியிருக்கு. இதுக்கு மேல இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து."

சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது எனக்கு விளக்கமாகச் சொன்னார். சத்தமில்லாத இடத்தில் படுக்க வேண்டும். தலைவலி முழுவதும் விட்ட பிறகுதான் சின்னச் சின்ன வேலை. செய்யும்போது வலி திரும்பினால் உடனே நிறுத்த வேண்டும். எழுப்பினால் எழவில்லை, வாந்தி நிற்கவில்லை, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிகிறது, கை கால் விழுகிறது, வலிப்பு வருகிறது என்றால் ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் தூக்கி வர வேண்டும்.

பிறகு என் நெற்றியில் காய்ந்திருந்த பற்றைப் பார்த்து, "உனக்கென்ன?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது நிஜமான வியாதிம்மா. பட்டினி கிடக்காதே, தூக்கம் கெடாதே, மினுமினுப்பு வந்ததுமே போய்ப் படுத்துடு," என்றார். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. இந்த ஒரு வார்த்தை கிடைக்காமல் நான் எத்தனை வருஷம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்!

தங்கை தேற மழைக்காலம் வந்துவிட்டது. மில்லில் எங்களைச் சேர்க்கவில்லை. தலை சரியில்லாதவள் என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிவைத்தான். விழுப்புரத்தில் மாமா வீட்டோடு போய், ரயிலடிக்குப் பக்கத்தில் இட்லி சுட்டு விற்றோம். ரயில் ஊதும்போது தங்கை அடுப்பை விட்டு எழுந்துபோய்க் கொல்லையில் நிற்பாள். மெல்ல அதுவும் குறைந்தது. அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. அந்த அடிக்குப் பிறகு அவளுக்கு வாசனை தெரியாது. முதல் பிள்ளையை மடியில் போட்டு உச்சியை மோந்து மோந்து பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "எப்பிடி இருக்குன்னு சொல்லுக்கா" என்றாள்.

என்னால் சொல்ல முடிந்த அளவுக்குச் சொன்னேன்.