கடலைக் காட்டுக்கு ஒரு துப்பாக்கி

கடலை விதைத்த மறுநாள் காலையில் வெர்லன் டீக் வயலுக்குப் போய்ப் பார்த்தால், விதைத்த சால் அத்தனையும் கிளறிக் கிடந்தது. காட்டுப்பன்றிக்கு இருப்பது மூக்கா, எந்திரமா? விதைப்பு வண்டி போன தடத்திலேயே பின்னால் போய், வரிசை தப்பாமல் விதையைத் தோண்டித் தின்றிருந்தன. வெர்லன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தேடினான். ஒரு பருப்பு கூட அகப்படவில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தென்கோடியில் எங்கள் பக்கம் இதை யாரிடமும் சொல்லி அழ முடியாது. கேட்கிறவன் வயலிலும் இதே கதிதான். ஆனால் வெர்லன் உழுதது குத்தகை நிலம். மிஸ் எலோயிஸ் என்கிற விதவைக்குச் சொந்தமானது. போன வருஷமும் பாதிக்குமேல் பன்றி தின்று தீர்த்ததால், அந்தம்மாள் ஈஸ்டர் அன்று சர்ச் வாசலிலேயே சொல்லிவிட்டாள். "இந்த வருஷமும் வெள்ளாமை வரலைன்னா நிலத்தைப் பைன் மரக் கம்பெனிக்கு விட்டுடுவேன் வெர்லன். தப்பா நினைக்காத." மரத்தை நட்டுவிட்டால் ஒரு தலைமுறைக்கு அதில் ஏர் இறங்காது. வெர்லனுக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. உழுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன்.

கையில் இன்னொரு முறை விதைக்க மட்டும் விதை இருந்தது. அதுவும் போனால் போனதுதான்.

அடுத்த நிலத்துக்காரன் கார்லிஸ் பாட்ஸ், இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே ஓடும் ஓடைக்கரையில் இரும்பு வலையால் வட்டமாக ஒரு பட்டி கட்டியிருந்தான். கதவைத் தூக்கிக் கட்டிவிட்டுத் தினமும் உள்ளே மக்காச்சோளம் கொட்டுவான். குட்டிகளும் இளசுகளும் பயம் தெளிந்து உள்ளே போய்த் தின்னும். கூட்டத்தை நடத்துகிற பெரிய பெட்டைகள் இரண்டு மட்டும் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்.

"அதுக ரெண்டும் உள்ள வர்ற வரைக்கும் கதவைப் போட மாட்டேன்" என்றான் கார்லிஸ். "குடும்பத்தோட மாட்டணும்டா. ரெண்டு தப்பிச்சாலும் அடுத்த வருஷம் திரும்ப ஒரு பட்டாளம் வந்து நிக்கும். கொஞ்ச நாள் பொறு. அதுவரைக்கும் இந்தப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேக்கக் கூடாது."

"அதுவரைக்கும் மண்ணுல ஈரம் நிக்குமாடா?"

கார்லிஸ் பொய் சொல்லத் தெரியாதவன். "நிக்காதுதான்" என்றான்.

வெர்லன் ஒரு வாரம் பொறுத்தான். பெட்டைகள் உள்ளே வந்தபாடில்லை. மேல்மண் வெளுக்க ஆரம்பித்தது. அவனிடம் இருந்தது அப்பா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி. ஒரு வெடி வெடித்து, மடக்கித் திறந்து, அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் பன்றிக் கூட்டம் அடுத்த மாவட்டத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தரம் நிரப்பினால் விசையை இழுக்க இழுக்கச் சுடுகிற துப்பாக்கி வேண்டும். அப்படி ஒன்றை அவன் வாங்கினதே இல்லை.

பணம் அவன் மனைவி ரீவா கொடுத்தாள். பல் கட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணம். அவன் தயங்கினான்.

"வாங்கிக்க. பல்லு இல்லைன்னா கடலை திங்க முடியாதுன்னு பாக்குறியா? வேகவச்சுத் தின்னுக்குறேன், போ" என்றாள்.

ஹியூலின் துப்பாக்கிக் கடையில் வழக்கம்போல வேலைவெட்டி இல்லாத நாலு பேர் மேஜையில் சாய்ந்து நின்றார்கள். துப்பாக்கி வாங்க ஒருத்தன் வந்தால் போதும், கூட இருக்கிற அத்தனை பேரும் நிபுணர்கள்தான். வெர்லன் விலை குறைந்த, மெல்லிய தோட்டா போடுகிற ஒன்றைத் தொட்டான்.

"அது அணிலுக்கு" என்றான் ஹியூல். "பன்னியைச் சுட்டேன்னு வை, அது திரும்பிப் பாத்து, யாருப்பா கிச்சுகிச்சு மூட்டுறதுன்னு கேக்கும்."

அடுத்தது பழைய ரஷ்யப் பட்டாளத் துப்பாக்கி.

"ஒரு காலத்துல மிட்டாய் விலைக்குக் கிடைச்சுது. இப்ப பழசு பழசுன்னு சொல்லியே விலையை ஏத்திட்டானுங்க."

வால்நட் மரத்தில் பிடி போட்ட ஒன்றை வெர்லன் கையில் எடுத்துத் தோளில் பொருத்திப் பார்த்தான். பாந்தமாக உட்கார்ந்தது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலத் திரும்ப வைத்தான். கடைசியில் ஹியூல் கறுப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்றை நீட்டினான். அந்த வகையிலேயே மலிவானது.

"பொம்மை மாதிரி இருக்கேடா."

"சுட்டுப் பாரு, அப்புறம் சொல்லு. இதுலயே தடிச்ச தோட்டா போடுறது ஒண்ணு இருக்கு. பன்னிக்கு அதான் நல்லது. ஆனா துப்பாக்கி ஒரு தரம் வாங்குறது, தோட்டா ஆயுசுக்கும் வாங்குறது. யோசிச்சுக்க."

வெர்லன் யோசித்து, சாதாரணத் தோட்டா போடுவதையே எடுத்தான். இருட்டில் பார்க்கிற கண்ணாடி ஒன்றும் இருந்தது. அது துப்பாக்கியைவிட விலை கூட. அந்தப் பக்கமே அவன் திரும்பவில்லை.

மீதி விதையையும் போட்டுவிட்டு மறுநாள் விடியலில் வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்தான். கார்லிஸ் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணெதிரே விதையைத் தின்னும்போது எவன் சும்மா இருப்பான்? நீங்கள் இருப்பீர்களா? வெளிச்சம் வந்ததும் கூட்டம் வந்தது, சால் பிடித்துக் கிளறிக்கொண்டே. வெர்லன் சுட்டான். தோட்டாப் பெட்டி தீரும்வரை சுட்டான். மூன்று விழுந்தன. அதில் ஒன்று பெரிய பெட்டை. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

சத்தம் கேட்டுக் கார்லிஸ் ஓடிவந்தான். விழுந்து கிடந்ததைப் பார்த்தான்.

"மிச்சம்?"

வெர்லன் ஓடைக்கு அப்பால் சதுப்புக்காட்டைக் கைகாட்டினான்.

"போச்சு. அத்தனைக்கும் பள்ளிக்கூடம் நடத்தி அனுப்பிட்ட." கார்லிஸ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். "நேத்து ரெண்டு பெட்டையும் உள்ள வந்து தின்னுதுடா. பழகட்டும், இன்னிக்குக் கதவைப் போடலாம்னு விட்டுட்டேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலியே வெர்லன்!"

வெர்லன் துப்பாக்கியை வண்டிக்குள் வைத்தான். இதற்கு அவன் திட்டியிருந்தாலே தேவலை.

அதற்கப்புறம் பன்றிகள் பகலில் தலைகாட்டவே இல்லை. கும்மிருட்டில், நாளுக்கொரு பக்கமாக, இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து வந்தன. பட்டிக்குள் கொட்டிய சோளம் பூசணம் பிடித்தது. இருட்டில் பார்க்கக் கண்ணாடி இல்லாத வெர்லன், சத்தம் வந்த திசையில் குத்துமதிப்பாகச் சுட்டுத் தோட்டாவைத் தீர்த்தான். மே மாதம் முடிவதற்குள் வயலில் களை மட்டும்தான் பச்சையாக இருந்தது.

கார்லிஸ் பட்டியைப் பிரித்தபோது வெர்லன் போய் ஒரு கை பிடித்தான். வலையைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ஜூனில் மிஸ் எலோயிஸ் போன் செய்தாள். "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

இலையுதிர் காலத்தில் மரக் கம்பெனி ஆள் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மரியாதையான பிள்ளை. வாசலில் நின்றே பேசினான்.

"இந்த நிலத்துல பன்னித் தொல்லை ஜாஸ்தியாமே. மரக்கன்னை நட்டா வேரோட பிடுங்கிடுமாம். உங்ககிட்ட நல்ல துப்பாக்கி இருக்குன்னு ஹியூல் சொன்னார். வாரக் கூலிக்கு வர்றீங்களா?"

"சுடாதீங்க சார்" என்றான் வெர்லன். "பட்டி போடுங்க. கார்லிஸ்னு ஒருத்தன் இருக்கான், அவனைக் கேளுங்க. நாளாகும். ஆனா மொத்தமும் மாட்டும்."

"கிறிஸ்துமஸுக்குள்ள கன்னு நட்டாகணும் சார். அவ்வளவு நாள் எங்க காத்திருக்கிறது?"

உள்ளே ரீவா பானையில் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். வெர்லன் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தான்.

"என்னிக்கு வரணும்?" என்று கேட்டான்.