யாருக்கு ஆகும் என்று எழுதச் சொன்ன புஷ்பம்

செய்தி வந்த பிறகும் அதைக் கேட்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். எங்கள் நாவல் குரூப்பில் காலை நேரத்தில் குரல் பதிவு வந்தால் அது பெரும்பாலும் செல்வியுடையதாக இருக்கும். முந்தின நாள் படித்த புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவாள். அதில் மூன்று நிமிடம் அவளுடைய மாமியாரைப் பற்றி இருக்கும். பாத்திரத்தைக் கழுவி வைத்து, துணியைக் காயப்போட்டுவிட்டு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கேட்டபோது அது செல்வியின் குரல் இல்லை. புஷ்பத்தின் மகள் ஜெனிட்டா பேசினாள். அம்மா விடியக்காலம் போய்விட்டார்கள் என்று சொன்னாள். ராமாத்தாப் பெரியம்மாவுக்கு, அதாவது எனக்கு, மட்டும் யாராவது நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் கேட்க வேண்டாம் என்றும் சொன்னாள். ஒரு மணி நேரமாகியும் யாரும் வரவில்லை. எங்கள் வீதியிலேயே குரூப்பில் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த மூன்று பேரையும் நான் மறக்க மாட்டேன்.

மரியபுஷ்பம் அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷனோடும் இரண்டு வயது மகளோடும் பெருமாநல்லூருக்குப் பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. நானும் அதே வேலைதான். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். இதை நானே என் கையால் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் ஜெனிட்டா திருத்துவாள். மற்றதை யாரும் தொடக் கூடாது.

எங்கள் பழக்கம் மனத்தாங்கலில்தான் ஆரம்பித்தது. ஜன்னல் ஓரத்தில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே இருக்கிற மேஜை இரண்டு வருஷமாக என்னுடையது. புதிதாக வந்தவருக்குக் கண் கூர்மை என்று சொல்லி, சூப்பர்வைசர் அந்த இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு என்னை இருட்டு மூலைக்குத் தள்ளினார். புஷ்பம் கேட்டு வாங்கிய இடம் இல்லை அது. இருந்தாலும் இருபத்து மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. இருபத்து நான்காம் நாள் மத்தியானம் என் டிபன் தூக்கின் மேல் ஒரு பழைய நாவல் இருந்தது. பக்கத்தில் அவர் நின்றிருந்தார்.

"அக்கா, உங்களுக்குக் கோவம் வந்தா முழுசா வருது. இதுல ஒருத்தி இருக்கா, அவளுக்கும் அப்பிடித்தான். வாசிச்சுப் பாருங்க, உங்களுக்கு ஆவும்."

அதுவரை நான் படித்ததெல்லாம் பஸ் போர்டும், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாளும்தான். அந்த நாவலை ஒன்பது நாளில் முடித்தேன். பத்தாம் நாள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மேஜையைப் பற்றி அதற்கப்புறம் நான் பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் கை மாறுவதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பேக்கிங் அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, மேஜைக்கு அடியில் வைத்து அதில் புத்தகங்களைப் போட்டார் புஷ்பம். பழைய பேப்பர் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் வாங்கியவை. பாதிக்கு முன்னட்டை இருக்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ரயில் நாவல், சின்ன டாக்டர் நாவல், ஊமைக்காரி நாவல் என்று.

வெளிநாட்டு ஆர்டருக்கு அச்சடித்து, நிறம் தவறியதால் தள்ளிவிட்ட, பனியனில் தொங்கவிடும் டேக் அட்டைகள் கம்பெனியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு பக்கம் படம், மறு பக்கம் வெள்ளை, முனையில் ஒரு நூல். புத்தகத்தின் பின்னட்டையில் ஊசியால் துளை போட்டு, படித்து முடித்தவர் தன் கருத்தை ஒரு டேக்கில் எழுதி அதில் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். சட்டம் இரண்டே இரண்டு. கதையைச் சொல்லக் கூடாது, யாருக்கு ஆகும் என்று மட்டும் எழுத வேண்டும். கட்டிய டேக்கை யாரும் அவிழ்க்கக் கூடாது, எழுதியவரே ஆனாலும்.

"கத நல்லாருக்கு, நல்லால்லன்னு எழுதி என்ன செய்ய? ஒரே கொழம்பு ஒருத்திக்கு ஒறைக்கும், இன்னொருத்திக்குச் சப்புன்னு இருக்கும். யாருக்கு ஆவும்னு எழுதுங்க" என்பார்.

எழுதினார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இருக்கும் வாரத்தில் படிக்கலாம் என்று ஒருத்தி எழுதினாள். பஸ்ஸில் வேண்டாம், அவிநாசியில் இறங்க வேண்டியவள் சேவூர் போய்விட்டேன் என்று ஒருத்தி. அழ வேண்டும் போல இருந்தும் அழுகை வராதவர்களுக்கு என்று ஒரு டேக் இருந்தது. அதை எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. என் டேக்குகள் கொஞ்சம் காரமாக இருக்கும். நாயகிக்கு வாய் போதாது, வாய் உள்ளவர்கள் படித்தால் எரிச்சல் வரும் என்று எழுதுவேன். ராமாத்தாக்கா வேண்டாம் என்றால் அந்தப் புத்தகம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. படிப்பில்லாதவள் சொல்லை நாற்பது பேர் கேட்கிறார்கள் என்றால் இருக்காதா?

ஒரு மழைக்காலத்தில் சூப்பர்வைசர் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் ஊறிக் கிடக்கிறது. சண்டைக்குப் போகிறேன் என்று நான் கிளம்பினேன். புஷ்பம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அயர்னிங் பெண்களிடம் புத்தகங்களைக் கொடுத்தார். பக்கத்துக்கு நடுவே பனியன் துணியை வைத்து, ஒவ்வொரு தாளாகத் தேய்த்துக் காய வைத்தார்கள். சூடு பட்ட தாள் அப்பளம் மாதிரி சத்தம் போடும். அந்தப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த சூப்பர்வைசரும் இருக்கிறார். நான் அவரோடு இன்றைக்கும் பேசுவதில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதத்தான் இத்தனை நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் கிணற்று நாவல் வந்தது. புஷ்பம் அதைத் தன் ஊர் நூலகத்தில் சின்ன வயதில் படித்தவர். பழைய பேப்பர் கடையில் இன்னொரு பிரதி, யார் கையும் படாததுபோல, அவருக்குக் கிடைத்திருக்கிறது. முதலில் நீங்கள் படியுங்கள் என்று என்னிடம்தான் கொடுத்தார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த நாவலில், நாற்பத்தெட்டாம் பக்கத்தில், அண்ணன் பத்திரத்தைக் கொண்டுவந்து தங்கையின் முன்னால் வைக்கிறான். கிணற்றில் அவளுக்குள்ள பாகத்தை விட்டுக்கொடுத்து அவள் கையெழுத்துப் போடுகிறாள். நான் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டேன். சேவூரில் என் அண்ணனும் அதைத்தான் செய்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. காபி வைத்துக் கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் போட்டேன். அண்ணன் மேல் இருக்கிற கோபத்தைவிட அந்தக் காபியைக் குடித்த என் மேல்தான் எனக்குக் கோபம்.

மறுநாள் டேக்கில் எழுதினேன்: "முழுசாகப் படித்தேன். கடைசி வரைக்கும் அழுகைதான். யாருக்கும் ஆகாது." கட்டி, பெட்டியில் போட்டேன். படிக்காததைப் படித்தேன் என்று நான் எழுதியது அந்த ஒரு தடவைதான்.

புஷ்பம் அந்த டேக்கைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வேலையை விட்ட பிறகு அந்தப் பெட்டி அவருடைய லைன் வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் மத்தியானம் அங்கே கூடுவோம். கிணற்று நாவல் எப்போதும் மேலேதான் இருக்கும். என்ன அடுக்கினாலும் அது எப்படியோ மேலே வந்துவிடும். ஒருத்தி எடுப்பாள், என் டேக்கைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். செல்வியும் ஒரு நாள் அப்படி எடுத்து வைத்தாள். அந்த வாரம் அவளுடைய அண்ணன் குண்டடத்திலிருந்து பத்திரத்தோடு வருவதாக இருந்தது. அது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. செல்வி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, ஒரு மாசம் யாரோடும் பேசாமல் இருந்தாள்.

போன வருஷம் சர்க்கரை புஷ்பத்தின் கண்ணைப் பிடித்தது. பனியனில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்த கண். எழுத்து தெரியவில்லை, வாசித்துக் காட்டுங்கள் என்றார். தினமும் மத்தியானம் போனேன். நான் எழுத்துக் கூட்டித்தான் சத்தமாக வாசிப்பேன். தடுக்கினால் அவரே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் எதை வாசிக்கட்டும் என்று கேட்டேன். கிணற்று நாவலை எடுங்கள் என்றார்.

நாற்பத்தெட்டு பக்கம் வாசிக்க நான்கு நாள் ஆயிற்று. அடுத்த தாளைத் திருப்பினேன். திரும்பவில்லை. அச்சகத்தில் மடித்த அந்தப் பதினாறு பக்கத்தின் மேல் விளிம்பை வெட்டாமலே விட்டிருக்கிறார்கள். நாற்பத்தொன்பதிலிருந்து அறுபத்து நாலு வரைக்கும் தாள்கள் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. படித்தவள் யாரானாலும் அதை வெட்டித்தான் படித்திருக்க வேண்டும். நான் புத்தகத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"தலகாணிக்கு அடியில நூல் வெட்டுற கட்டர் இருக்குக்கா. எடுத்துக்கோங்க" என்றார் புஷ்பம்.

"உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். டேக்கைப் படிச்சிட்டுப் புஸ்தகத்தத் தொறந்து பாத்தேன்."

"அப்பறம் ஏனுங் புஷ்பம் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"ஒங்க பேச்ச நாப்பது பேரு கேக்காவ. அத நான் எதுக்குக் கெடுக்க? நீங்களே ஒரு நாளு வெட்டுவியன்னு இருந்தேன். இவ்வளவு வருசம் ஆவும்னு நெனைக்கல."

எனக்கு அப்போது செல்வியின் நினைவுதான் வந்தது. அவள் இதைப் படித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாளா என்று கேட்டேன். புஷ்பம் தெரியாத கண்ணால் என் பக்கம் பார்த்தார்.

"அப்பிடிச் சொல்ல முடியாதுக்கா. போட்டிருப்பா. ஆனா அந்த ஒரு மாசம் தனியா இருந்திருக்க மாட்டா."

கட்டரை எடுத்து வெட்டினேன். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று இங்கே எழுத மாட்டேன், அது அவர் வைத்த சட்டம். ஒன்று மட்டும் சொல்லலாம். கடைசி வரைக்கும் அழுகை இல்லை. இரண்டு இடத்தில் நாங்கள் சிரித்தோம். ஒரு இடத்தில் நான் தாளை மூடிவிட்டு முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் பொறுமையாகப் படுத்திருந்தார்.

ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி இருந்தபோது போதும் என்றார். "கடைசிய ஞாயித்துக்கெழம வாசிங்க. எல்லாரும் வரட்டும்." எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வாசிக்க வேண்டுமானால் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை விடியக்காலம் அவர் போய்விட்டார். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் நின்ற என்னைப் பதினாலு வருஷம் பொறுத்தவருக்கு, இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை. இந்தக் குறையும் எனக்கு அவர் மேல் உண்டு. போகிற இடத்தில் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் சொல்லாமலே எல்லோரும் அந்த லைன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். பெட்டி கீழே இருந்தது. நான் கிணற்று நாவலை எடுத்து, பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது பொய் என்று சொன்னேன். வெட்டிய விளிம்பைக் காட்டினேன். தாள் அங்கே மட்டும் பிசிறு பிசிறாக இருந்தது. பிறகு கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். தடுக்கிய இடத்தில் சொல் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. நானே கூட்டிப் படித்தேன்.

முடித்தபோது செல்விதான் முதலில் பேசினாள்.

"பதனாலு வருசமா அந்தப் பொஸ்தகத்த எடுத்து எடுத்து வெச்சிருக்கறனுங் அக்கா."

"தெரியும் கண்ணு" என்றேன்.

பழைய டேக்கை நான் அவிழ்க்கவில்லை. பொய்யும் அங்கேயே தொங்கட்டும். அதே துளையில் இன்னொன்றைக் கட்டினேன். "ராமாத்தாள், கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஆகும்." அண்ணனோடு நான் இன்னும் பேசவில்லை. ஒரு நாவல் படித்தால் எல்லாம் மாறிவிடும் என்று புஷ்பம் ஒருநாளும் சொன்னதில்லை.

செல்வி புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் கோபம் வந்தால் முழுசாகத்தான் வரும். பஸ்ஸுக்காக அவள் வேகமாக நடந்தபோது, அந்த இரண்டு டேக்கும் பையின் வாயிலிருந்து வெளியே தொங்கி, ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொண்டே போயின. தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்றைக்குப் பதினொன்றாம் நாள். குரூப்பில் செல்வி இன்னும் பேசவில்லை. பாத்திரம் கழுவும்போதும் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இனி எந்தக் குரல் வந்தாலும் அந்த நிமிடமே கேட்பேன். அவள் திட்டினாலும் கேட்பேன்.

நிம்மதியாகப் போய் வாருங்கள் புஷ்பம். அங்கே டியூப்லைட்டுக்குக் கீழே இடம் இருந்தால் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் கேட்க மாட்டேன்.